உடைந்த ஊசியின் நீளம்

எங்கள் கம்பெனியில் 'ஆச்சு' என்றால் இனிமேல்தான் ஆகப்போகிறது என்று அர்த்தம். கட்டிங் ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்பார்கள்; தோல் அப்போதுதான் வாணியம்பாடியில் வண்டி ஏறியிருக்கும். பேக்கிங் ஆச்சா என்றால் ஆச்சு, அட்டைப்பெட்டியே வந்திருக்காது. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. கேட்கிறவருக்கு ஓர் ஆறுதல், சொல்கிறவருக்கு அரைமணி நேர அவகாசம், அவ்வளவுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஒரு நாளைக்கு ஐம்பது 'ஆச்சு'வாவது சொல்லியிருப்பேன்.

அந்த இடத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது எங்களிடம் ஷூ வாங்குகிறவர்களுக்கு, மெயில் எழுதுகிற வேலை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், குடியாத்தத்துக்காரி, தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவாள். ஒல்லியான உடம்பு, பெரிய டிபன் கேரியர், நடக்கும்போது யாரையோ துரத்துகிற வேகம். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டுட்டா சார் எழுதினீங்க?" என்று போன் வரும்.

முதல் மாதமே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. ஒரு ஆர்டர் பாதி முடிந்திருந்தது. பேக்கிங் முடித்துவிட்டோம் என்று பையருக்கு எழுதச் சொல்லி மாடி ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். ஆள் திரும்பி வரவில்லை, அவளே இறங்கி வந்தாள்.

"சார், 'வி ஹேவ் பேக்ட்'னு எழுதச் சொன்னீங்களாம். பேக் பண்ணது எங்க இருக்குது?"

"உள்ள இருக்குதும்மா. நீ எழுது."

"காட்டுங்க சார்."

இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் 'காட்டு' என்று கேட்டதில்லை. கூட்டிப் போனேன். பெட்டி பெட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். வாய் ஒட்டாத பெட்டிகளைத் தனியாக எண்ணினாள். நன்றி சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய், இன்னும் பேக் செய்யவில்லை, 'நாட் யெட்', வியாழக்கிழமை முடியும் என்று எழுதிவிட்டாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். பையரோ, சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த நன்றி என் வயிற்றெரிச்சலை ஜாஸ்தியாக்கியது.

அதற்குப் பிறகு அவள் கேள்வி ஒன்று ஃப்ளோர் முழுக்கப் பிரபலமானது. யார் எதைச் சொன்னாலும், "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பாள். கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்று அர்த்தம். பெண்கள் கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இன்று சாம்பார் நல்லா இருக்காம் என்று ஒருத்தி சொன்னால், இன்னொருத்தி மூக்கை உயர்த்தி அவள் குரலில், "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பாள். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் கேட்பதை விடமாட்டாள்.

பையர் பக்கத்து ஆட்கள் வந்தால் சூப்பர்வைசர்கள் வாயே திறப்பதில்லை என்று, மேனேஜர் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்தார். சொல்லித்தர அவள். மாணவர்கள் நாங்கள் ஆறு தடியர்கள், கூடவே மெஷின் மெக்கானிக் பாய். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. என்னைவிடப் பதினாறு பதினேழு வயது சின்னப்பெண் முன்னால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே 'ஐ ஹேவ், யூ ஹேவ்' சொல்வது எனக்குக் கசந்தது.

ஆனால் அந்த 'ஹேவ்' சமாச்சாரத்தை அவள் சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை.

"எழுதினேன்னா, நேத்து எழுதினது. அந்தக் காயிதம் இப்ப கிழிஞ்சிருக்கலாம், எரிஞ்சுகூட போயிருக்கலாம். எழுதியிருக்கேன்னா காயிதம் இப்ப கைல இருக்கணும். கேட்டா எடுத்துக் காட்டணும். ஹேவ்னா அவ்ளோதான் சார், நம்ம 'இருக்கு'தான் அது."

பாய் உடனே கையைத் தூக்கினார். "ஐ ஹேவ் ஈட்டன் பிரியாணி."

"எப்ப பாய்?"

"நேத்து."

"நேத்துன்னு நேரம் சொல்லிட்டா ஹேவ் ஓடிப்போய்டும் பாய். இப்ப வயித்துல இருக்குதா?"

பாய் தொந்தியைத் தட்டிக் காட்டினார். "இருக்குதும்மா, பத்து வருஷத்துதும் இருக்குது." அவள் அரை மார்க் போட்டாள்.

ஆரம்பித்து இன்னும் முடியாமல் நடந்துகொண்டே இருப்பதற்கு 'ஹேவ் பீன்' என்றாள். உதாரணம் கேட்டபோது அவளே சொன்னாள்: "எங்க வீட்ல எனக்கு மாப்பிள்ள பாக்கறாங்களே, அது. வி ஹேவ் பீன் லுக்கிங், நாலு வருஷமா." எல்லோரும் சிரித்தோம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த விஷயத்திலும் அவள் அப்படித்தான் இருந்தாள். பிற்பாடு நிச்சயம் ஆகிவிட்டதாமே என்று ஊரே பேசிக்கொண்டது. பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "பேசிட்டு இருக்காங்க" என்றாள். பத்திரிகை அடிச்சாச்சாமே என்றார்கள். "அச்சகத்துல இருக்குது" என்றாள். நான்கு நாள் லீவு போட்டாள். ஐந்தாம் நாள் கழுத்தில் தாலியோடு வந்து, மேசை மேசையாக லட்டு வைத்துவிட்டு, "ஆயிடுச்சு" என்றாள். எங்கள் கம்பெனியில் அந்தச் சொல்லை அதன் சொந்த அர்த்தத்தில் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் அப்பா வீட்டிலேயே இரண்டு பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர். யார் கேட்டாலும் நெய்ஞ்சாச்சு, நெய்ஞ்சாச்சு என்பாராம். சரக்கு எடுக்கிற ஆட்கள் வண்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

"அப்பா ஊர்ல இல்லன்னு நாந்தான் போய் சொல்லணும் சார். பத்து வயசு. தறி உள்ள ஓடிட்டிருக்கும், அந்த சத்தம் அவங்களுக்கும் கேக்கும். என் மூஞ்சியவே பாப்பாங்க."

கிண்டலாகக் கேட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒருநாள் எங்களுக்குள் நடந்ததைச் சொல்லும் முன் ஊசி நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தைக்கிறவர் கையைத் தூக்க வேண்டும். மெக்கானிக் காந்தக் கட்டையோடு வந்து உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஒரு நோட்டில் முழு ஊசியாகச் சேர்த்து வைத்து, மேலே கண்ணாடி டேப் ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுத வேண்டும். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த நேரத்தில் தைத்ததையெல்லாம் சிவப்புக் கூடையில் போட்டு, அடுத்த கட்டடத்தில் இருக்கும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்கு அனுப்ப வேண்டும். போய்த் திரும்ப அரை நாள் ஆகும். பக்கிள் மாட்டுவதற்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும். மாட்டிவிட்டால் அதுவும் இரும்பு, எந்த ஷூவை உள்ளே விட்டாலும் மெஷின் கத்தும்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது சின்னப்பிள்ளைகள் ஷூ. மூன்று நான்கு வயதுக் காலுக்கு. கணுக்காலைச் சுற்றி மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்தது, வார் போட்டுப் பக்கிள் மாட்டுவது. சாயங்காலம் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். காலை பத்து மணிக்கு, என் லைனில் தைக்கிற மேரியின் மெஷினில் ஊசி உடைந்தது.

இரண்டு துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. பாய் தரையெல்லாம் காந்தத்தால் துழாவினார். மேரி முந்தானையை உதறிப் பார்த்தாள், செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். லைன் நின்றுபோயிருந்தது. பதினைந்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு, பாய் பழைய உடைந்த ஊசிகளைப் போட்டு வைத்திருந்த டப்பா மூடியிலிருந்து ஒரு நுனியை எடுத்தேன். நோட்டில் வைத்து டேப் ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். "ஆச்சு, லைன ஓட்டுங்க" என்றேன். பாய் என்னைப் பார்த்தார், காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேரி பார்க்கவில்லை, நிஜமாகவே கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கு அவள் கீழே வந்தாள். ஒரு கையில் ஊசி நோட்டு, இன்னொரு கையில் புது ஊசி. எல்லா ஊசித் துண்டும் கிடைத்துவிட்டது என்று ஒவ்வொரு சரக்குக்கும் மெயிலில் ஒரு வரி எழுத வேண்டும். மற்ற கம்பெனிகளில் அந்த வரியைப் போன மாத மெயிலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள் என்று கேள்வி. இவள் ஒவ்வொரு பக்கத்திலும் உடைந்த ஊசிக்குக் கீழே முழு ஊசியை வைத்துப் பார்ப்பாள்.

நோட்டை என் மேசைமேல் விரித்தாள். டேப்புக்குக் கீழே புது ஊசியை வைத்தாள்.

"சார், உடைஞ்ச ஊசி முழு ஊசிய விட நீளமா இருக்குது."

பார்த்தேன். அரிசிமுனை அளவு ஜாஸ்திதான். அவசரத்தில் கொஞ்சம் பெரிய நுனியாக எடுத்துவிட்டேன். குறையக்கூடாது என்றே நினைத்தவன், கூடக்கூடாது என்று நினைக்கவில்லை. ஆனால் வாய்க்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"டேப் ஒட்டும்போது தள்ளிப் போயிருக்கும்மா."

"பாத்தீங்களா சார், கேட்டீங்களா?"

"இன்னாம்மா பேஜாரு இது? வெளில கன்டெய்னர் ரெண்டு மணிலருந்து நிக்குது. மேனேஜர் நாலு வாட்டி போன் பண்ணிட்டாரு. ஒரு லைன் எழுதறதுக்கு இவ்ளோ விசாரணையா?"

அவள் கோபப்படவில்லை. "நா எழுத மாட்டேன் சார். மேல மெயில் திறந்துதான் இருக்குது. நீங்க எழுதி அனுப்புங்க. நா குறுக்க நிக்க மாட்டேன்."

வீம்புக்கு நானும் மாடி ஏறினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டி எண்ணிக்கை, சைஸ் எல்லாம் எழுதியிருந்தாள். ஊசி வரி மட்டும் காலி. ஒற்றை விரலால் தட்டினேன். 'ஆல் நீடில் பீசஸ் ஹேவ் பீன்' வரை வந்துவிட்டது. அவள் ஜன்னல் ஓரமாகப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டில் நிற்கும் கன்டெய்னரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அனுப்பினால் அது அவள் கண்ணில் படாது. வேண்டுமென்றேதான் அப்படி நின்றாள்.

இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி, 'ஃபவுண்ட்'. கை ஓடவில்லை. ஹேவ் என்றால் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். எதை எடுத்துக் காட்டுவேன்? காலையிலிருந்து லைனைப் பற்றி யோசித்தேன், மேனேஜரைப் பற்றி யோசித்தேன், கன்டெய்னரைப் பற்றி யோசித்தேன். அந்த நுனி எங்கே இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன். புது ஷூ என்று எழுந்து ஓடுகிற ஒரு பிள்ளையின் கால் கண்முன் வந்தது.

"நா ஒட்டினது வேற ஊசிம்மா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பினாள், ஒரே கேள்விதான் கேட்டாள். "பத்து மணிக்கு மேரி மெஷின்ல எந்தெந்த பண்டல் சார்?"

நாலு பண்டல், நாற்பத்தெட்டு ஜோடி. ஷூவுக்குள் லைனிங்கில் பண்டல் நம்பர் குத்தியிருப்போம் என்பதால் தேட முடிந்தது. கன்டெய்னரில் ஏற்றத் தயாராக இருந்த பெட்டிகளை உடைத்தோம். அவள், நான், பாய், மேரி, நாலு பேர் பேக்கிங் மேசையைச் சுற்றி நின்றோம். பக்கிள் மாட்டியாகிவிட்டதால் ஊசி மெஷின் உதவாது. ஒவ்வொரு ஷூவாகக் கட்டைவிரலை உள்ளே விட்டு, கணுக்கால் பஞ்சை அழுத்திக்கொண்டே ஒரு சுற்று. பிறகு பாயின் காந்தத்தின் மேல் வளைத்து இன்னொரு சுற்று. மேரிக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. மேரி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இருபது ஜோடி முடிந்தது. முப்பது முடிந்தது. மேனேஜர் வந்து, "இன்னாய்யா நடக்குது இங்க?" என்றார். அவள் தலை தூக்காமல், "ஊசி தேடிட்டு இருக்கோம் சார்" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

இல்லாமலே போய்விடுமோ என்று பயந்தேன். இருந்துவிடக் கூடாதே என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

"சார்" என்றாள் மேரி.

முப்பத்தேழாவது ஜோடி, இடது கால். குதிகாலுக்குப் பின்னால், பஞ்சுக்கும் லைனிங்குக்கும் நடுவில். பாய் காந்தத்தை வைத்ததும் லைனிங்கைத் துளைத்துக்கொண்டு உள்பக்கமாக நுனி எட்டிப் பார்த்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேரி அழுதாள். பாய் அல்லாவைக் கூப்பிட்டார். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. என் பெண் பிறந்து தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் சொன்னபோதுகூட இல்லை.

அவள் மட்டும் அந்த நுனியை எடுத்துப் போய் நோட்டில் புது ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அவளும் மூச்சுவிட்டாள். மீதி பதினோரு ஜோடியையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டிகளை மூட விட்டாள்.

நோட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதுங்க சார்."

எழுதினேன். காலையில் ஒட்டியது வேறு ஊசி, நான்தான் ஒட்டினேன், சரியான துண்டு இப்போது கிடைத்திருக்கிறது. என் தப்பு இங்கிலீஷில்தான் எழுதினேன். அவள் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. பையருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு ஜோடி குறைகிறது என்றும் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்தாள். "இதெல்லாம் அவங்க கேட்டாங்களா?" என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. கன்டெய்னர் கிளம்பியது.

அன்று வீட்டுக்குப் போய் வேலை போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். "போய்டுச்சா, போகப்போகுதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு பதில் வந்தது. சரக்கை ஏற்றுக்கொள்கிறோம், இனி ஒவ்வொரு ஆர்டருக்கும் ஊசி நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவ்வளவுதான். மேனேஜர் எனக்கு ஒரு மெமோவும் மூன்று நாள் வீட்டிலிருக்கத் தண்டனையும் கொடுத்தார். மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன்.

அவள் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் வேலையை விட்டுப் போனாள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அன்று ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. எங்கே சின்னப்பிள்ளை ஷூ கழற்றிக் கிடந்தாலும் குனிந்து எடுத்துவிடுகிறேன். கோயில் வாசல், டாக்டர் வீட்டு வாசல், எதுவும் விலக்கில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று. ஒருநாள் செருப்புத் திருடன் என்று உதை வாங்கப்போகிறீர்கள் என்கிறாள் மனைவி. இதுவரை ஒன்றும் குத்தியதில்லை.

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பக்கிள் வைத்த சிவப்பு ஷூ ஒரு ஜோடி கிடந்தது. மனைவி உள்ளே போனதும் ஒன்றை எடுத்தேன். விரலை விட்டு அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. நிமிர்ந்தேன். அவள்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு, மூன்று வயதுப் பெண் ஒன்று என்னையே முறைத்தது. அதன் ஷூ.

"இன்னா சார், பாத்தாச்சா?" என்றாள் அவள்.

"இரும்மா," என்றேன். "இன்னொரு கால் இருக்குது."